தங்கைக்குக் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல் மூன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது. எதில் சேர்ப்பது?

ஒரகடம் அண்ணன்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். வரும் திங்கட்கிழமைக்குள் முடிவு எடுத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஊர் டெல்டாவில் தலைஞாயிறு பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் விவசாயக் கூலி. சொந்தமாக இரண்டு மா நிலம், ஒரு கறவை மாடு, ஏழு ஆடு. நான் ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருக்கிறேன். பிடித்தம் போக 17,500 கையில் வரும். படப்பையில் நாலு பேராக ஒரு அறை. மாதம் 8,000 வீட்டுக்கு அனுப்புகிறேன்.

தங்கை 12 வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி, உயிரியல்-கணிதப் பிரிவு. உயிரியல் 98, வேதியியல் 96, இயற்பியல் 92, கணிதம் 88. பொறியியலுக்குக் கட்ஆஃப் 200-க்கு 182, கால்நடை மருத்துவத்துக்கு 192. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டோம். ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று போட்டது, இப்போது எல்லாமே கிடைத்து நிற்கிறோம்.

முதலில் வந்தது பொறியியல். தஞ்சாவூர் அரசுப் பொறியியல் கல்லூரி, செங்கிப்பட்டி. இசிஇ, அதாவது மின்னணு, தொடர்பியல் பிரிவு. அதில் சேர்த்துவிட்டோம், வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது, சான்றிதழ்கள் அங்கே இருக்கின்றன. அப்புறம் வேளாண்மையில் கிள்ளிகுளம் கல்லூரி ஒதுக்கீடு வந்தது. போன வியாழக்கிழமை கால்நடை மருத்துவத்தில் திருநெல்வேலி, ராமையன்பட்டி கல்லூரி. இது போதாதென்று எங்கள் மாமா, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு படிப்புக்குப் பேசி வைத்திருக்கிறார். பாதிக் கட்டணம் தள்ளுபடியாம். தள்ளுபடி போகவும் ஆண்டுக்கு 1,40,000.

அம்மாவுக்கு செங்கிப்பட்டியே போதும், பக்கத்தில் இருக்கிறது, நினைத்தால் போய்ப் பார்க்கலாம். மாமா கம்ப்யூட்டர் தவிர வேறு எதுவும் படிப்பே இல்லை என்கிறார். சித்தி வீட்டில், "பொம்பளப் புள்ளைக்கு மாட்டு வைத்தியமா? யாரு கட்டிக்குவா?" என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கேட்டால், "நீ சொல்றதைச் செய்றேன்ணே" என்கிறாள். அதுதான் எனக்குத் தூக்கம் வராத காரணம்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அவள் ஆறாம் வகுப்பு. கொட்டகை சாய்ந்து தகரம் எங்கள் மாட்டின் தொடையைக் கிழித்துவிட்டது. ரோடெல்லாம் மரம், யாரும் வர முடியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் முகாமுக்கு வந்த ஒரு பெண் டாக்டர்தான் புண்ணைப் பார்த்துத் தையல் போட்டார். கரண்ட் இல்லை. டார்ச் பிடித்தது என் தங்கை. நாங்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம், அவள் கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். பதினோரு தையல் என்று இன்றைக்கும் சொல்வாள்.

என் மனதில் இருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறியியலோ வேளாண்மையோ என்றால் நாலு வருடம், 2029-இல் சம்பளம். கால்நடை மருத்துவம் ஐந்தரை வருடம், 2031 ஆகிவிடும். அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, நடவுக்கு இறங்க முடிவதில்லை. என் வேலை எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியாது. இந்தக் கணக்கைப் பார்த்து அவளை வேறு பக்கம் தள்ளிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை

தம்பி, நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினாறு வருடமாக இசிஇ பாடம் எடுக்கிறேன். என் துறை என்பதற்காக ஏற்றிச் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தை மறந்துவிடுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசு கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் 2021-இலிருந்து அரசே ஏற்கிறது. நேரடியாகத் தனியாரிடம் சேர்ந்தால் அது எதுவும் கிடையாது. முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. நாலு வருடத்துக்கு 5,60,000 ரூபாய், அது போக விடுதி, சாப்பாடு. பாதித் தள்ளுபடி என்று அவர்கள் சொல்வது எந்தத் தொகையில் பாதி என்று மாமாவையே ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

செங்கிப்பட்டி அரசுக் கல்லூரி, நல்ல இடம்தான். ஆனால் இசிஇ முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது மென்பொருள் சேவை நிறுவனங்களுக்கு. சர்க்யூட், சிப் வடிவமைப்பு என்று அதே துறையில் போகிறவர்கள் என் அனுபவத்தில் வகுப்புக்கு ஐந்தாறு பேர். அவர்கள் எல்லோரும் கணக்கில் உயிரை விடுகிற பிள்ளைகள். உங்கள் தங்கைக்குக் கணிதத்தில் 88, உயிரியலில் 98. மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாதுதான். ஆனால் இரண்டு வாரம் வகுப்புக்குப் போயிருக்கிறாளே, வீட்டுக்குப் பேசும்போது எந்தப் பாடத்தைப் பற்றியாவது வாய் திறந்தாளா? அதைக் கேளுங்கள்.

நாலாவது வருடக் கடைசியில் கையில் வேலை ஆணை இருந்தாலும் அழைக்க எட்டு மாதம், பத்து மாதம் இழுத்தடித்த ஆண்டுகளையும் பார்த்திருக்கிறேன். 2029-இல் சம்பளம் என்பதை உறுதியாக எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

வல்லநாட்டு வெளிமான்

நான் கிள்ளிகுளத்தில் படித்தவன், இப்போது ஒரு பொதுத்துறை வங்கியில் வேளாண் அலுவலர். அந்தக் கல்லூரியைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன்.

கிள்ளிகுளம் 1984-இல் தொடங்கியது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. இணைப்புக் கல்லூரி என்று தனியார் நடத்துபவை வேறு, இது பல்கலைக்கழகமே நடத்துவது. வயல், ஆய்வகம், ஆசிரியர்கள் என்று எல்லாம் இருக்கிறது. முதல் வருடத்திலேயே உங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் கொடுத்துப் பயிர் வைக்கச் சொல்வார்கள். நான் பாசிப்பயறு போட்டு, களை எடுத்து, அறுத்துக் கொடுத்தேன். கடைசி வருடத்தில் கிராமத் தங்கல் உண்டு, விவசாயிகளோடு இருந்து வேலை பார்க்க வேண்டும். எனக்கு வாழ்க்கையில் மிகவும் பிடித்த மாதங்கள் அவை.

வேலை விஷயம் வெளிப்படையாகச் சொல்கிறேன். வேளாண்மை படித்தவர்களுக்கு முக்கியமான வழிகள் மூன்று. அரசுப் பணியாளர் தேர்வாணையமான டிஎன்பிஎஸ்சி மூலம் வேளாண்மை அலுவலர், வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் நடத்தும் வேளாண் அலுவலர் தேர்வு, இல்லையென்றால் விதை, உரம், பூச்சிமருந்துக் கம்பெனிகள். கம்பெனி வேலை சீக்கிரம் கிடைக்கும், பைக்கில் சுற்ற வேண்டும், விற்பனை இலக்கு கழுத்தைப் பிடிக்கும். அரசு வேலைக்கும் வங்கிக்கும் போட்டி கடுமை, ஏனென்றால் இப்போது தனியார் வேளாண் கல்லூரிகள் நிறைய வந்துவிட்டன. நான் படிப்பு முடித்து இரண்டரை வருடம் மதுரையில் அறை எடுத்துப் படித்துத்தான் வங்கிக்குள் வந்தேன். என் வகுப்பில் பாதிப் பேர் எம்எஸ்சி போனார்கள், அது இன்னும் இரண்டு வருடம். ஆக நாலு வருடம் என்பது பேப்பரில்தான்.

உங்கள் தங்கைக்கு மண்ணும் பயிரும் பிடிக்குமா, மாடும் ஆடும் பிடிக்குமா? டெல்டாவில் பிறந்த பிள்ளை, இரண்டுமே தெரிந்திருக்கும். ஆனால் நீங்கள் எழுதியதில் நெல்லைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, மாட்டைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது.

நாமக்கல் 2006

தம்பி, நான் கால்நடை உதவி மருத்துவர். நாமக்கல் கல்லூரியில் 2006-இல் சேர்ந்தேன், இப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் இருக்கிறேன். நானும் தமிழ்வழி, நானும் பெண், என் வீட்டிலும் அதே பேச்சுதான் பேசினார்கள்.

நீங்கள் எழுதிய கஜா சம்பவத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று நாள் ஆன புண் என்றால் உடனே தையல் போட முடியாது. முதலில் கழுவி, அழுகிய சதையை வெட்டி எடுத்திருப்பார். அந்த ஈரத்தில் கட்டாயம் புழு வைத்திருக்கும், அதையும் எடுத்திருப்பார். நாற்றம் குடலைப் புரட்டும். பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதனால்தான், அதில் தவறில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்த இடத்தில் டார்ச்சை ஆட்டாமல் பிடித்தது சாதாரண விஷயம் இல்லை. என்னிடம் உள்ளிருப்புப் பயிற்சிக்கு வருகிறவர்களிலேயே சிலர் முதல் தடவை வெளியே ஓடிவிடுவார்கள்.

இப்போது கஷ்டத்தைச் சொல்கிறேன், அதைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

முதல் வருடம் உடற்கூறியல். மாட்டை அடிப்படையாக வைத்துத்தான் நடத்துவார்கள். ஒவ்வொரு எலும்பிலும் உள்ள மேடு, பள்ளம், துளை எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு, எல்லாம் ஆங்கிலமும் லத்தீனும். கெடாமல் இருக்க ஃபார்மலினில் ஊறவைத்த மாட்டு உடலை அறுக்கும்போது கண் எரியும், சாப்பாட்டுக் கையில் வாசனை போகாது. நான் முதல் உள்தேர்வில் இரண்டு பாடத்தில் தோற்றேன். விடுதிக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். மூன்றாவது மாதத்தில் பிடிபட்டது. தமிழில் படித்த பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை, வார்த்தைகள்தான் புதிது. தினம் இருபது வார்த்தை என்று எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே படிக்கச் சொல்லுங்கள். அது மட்டும்தான் வழி.

பண்ணைப் பயிற்சிக்கு விடியற்காலையில் போக வேண்டும். பால் கறக்க வேண்டும், சாணி அள்ள வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது புதிதாக இருக்காது, நகரத்துப் பிள்ளைகள் அவளிடம்தான் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள்.

ஐந்தரை வருடத்தில் நாலரை வருடம் பாடம், கடைசி ஒரு வருடம் உள்ளிருப்புப் பயிற்சி. அந்த ஒரு வருடம் மாதாமாதம் உதவித்தொகை உண்டு, பெரிய பணம் இல்லை, ஆனால் அவள் செலவுக்கு உங்களிடம் கேட்க மாட்டாள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பட்டம் வாங்கிக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த அன்றைக்கு அவள் மருத்துவர். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு செய்தவர்கள் மட்டும்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். யாரும் வேலை கொடுக்கவில்லை என்றாலும் ஊரில் பலகை மாட்டிக்கொண்டு உட்காரலாம். மற்ற இரண்டு படிப்பிலும் இந்தப் பிடிமானம் இல்லை, அதை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி மூலம் கால்நடை உதவி மருத்துவர், அடிப்படைச் சம்பளமே 56,100-இல் தொடங்குகிறது. ஆனால் தேர்வு ஒவ்வொரு வருடமும் வராது. நான் மூன்று வருடம் காத்திருந்தேன். அதுவரை சும்மா இல்லை, நாமக்கல்லில் ஒரு கோழிப் பண்ணைக் குழுமத்தில் இருந்தேன். பால் ஒன்றியங்கள், 1962 என்ற எண்ணில் கூப்பிடும் கால்நடை ஆம்புலன்ஸ், நகரத்து நாய்-பூனை மருத்துவமனைகள், தீவன, மருந்துக் கம்பெனிகள் என்று ஆள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். என்னோடு படித்தவர்களில் படிப்பு முடித்து ஆறு மாதத்துக்கு மேல் சம்பளம் இல்லாமல் இருந்தவர் யாரும் எனக்கு நினைவில் இல்லை.

பெண்ணுக்கு இது ஆகுமா என்று கேட்கிறவர்களுக்கு: போன வாரம் இரவு பத்தரை மணிக்கு ஒரு ஈற்று. கன்றின் தலை பின்னால் திரும்பிக்கொண்டது. மாட்டை வைத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் "ஆம்பள டாக்டர் யாரும் இல்லையாம்மா?" என்றுதான் கேட்டார். கன்றை உள்ளே தள்ளி, தலையைத் திருப்பி, கயிறு போட்டு எடுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதற்கு வேண்டியது பொறுமையும், எங்கே கை வைப்பது என்ற அறிவும். என் கை மெலிந்த கை, உள்ளே விட அதுவே வசதி. கன்று உயிரோடு விழுந்தது. அந்த மனிதர் மறுநாள் காலையில் சீம்பால் கொண்டுவந்து மருந்தகத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

என் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சித்தியிடம் சொல்லுங்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். நாளை அல்லது நாளை மறுநாள் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மருந்தகத்துக்கு அவளைக் காலை எட்டு மணிக்கு அனுப்புங்கள். டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஒரு ஓரமாக நிற்கட்டும். சினை ஊசி, மடிநோய், ஆட்டுக்குக் கழிச்சல் என்று வரிசையாக வரும். மதியம் வீட்டுக்கு வந்ததும் எதுவும் கேட்காதீர்கள், அவளாக என்ன பேசுகிறாள் என்று பாருங்கள்.

ஒரகடம் அண்ணன்

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரவு ஷிப்ட் இடைவேளையில் படித்தேன். 2031 என்று நான் போட்ட கணக்கு எவ்வளவு அரைகுறை என்று புரிந்தது. கரும்பலகை சார், வெளிமான் அண்ணா, உங்கள் இருவருக்கும் நன்றி. நெல்லைப் பற்றி ஒரு வரி கூட இல்லை என்று சொன்னீர்களே, அதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன், சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன்.

சனிக்கிழமை அவளை அம்மாவோடு மருந்தகத்துக்கு அனுப்புகிறேன்.

இன்னொரு கவலை. சான்றிதழ்கள் செங்கிப்பட்டியில் இருக்கின்றன. கேட்டால் கொடுப்பார்களா? பணம் கட்டச் சொல்வார்களா?

இரண்டு பிள்ளைகளின் அம்மா

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவள், அதனால் சொல்கிறேன். என் மகள் முதலில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள், மூன்று வாரம் கழித்து வேறு படிப்பு கிடைத்தது. அந்தக் கல்லூரியில் சான்றிதழைக் கொடுக்காமல் ஒன்பது நாள் அலைக்கழித்தார்கள். முதல்வர் இல்லை, கிளார்க் இல்லை, சாவி இல்லை என்று தினம் ஒரு காரணம். சேர வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் கையில் கிடைத்தது.

அதனால் திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். வெள்ளிக்கிழமையே அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு நேரில் போங்கள், போனில் பேசி நடக்காது. வெள்ளைத் தாளில் முதல்வருக்கு ஒரு கடிதம்: மகளுக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்திருக்கிறது, படிப்பிலிருந்து விலகுகிறோம், அசல் சான்றிதழ்களைத் தர வேண்டுகிறோம். அதில் மாணவியும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே ஒதுக்கீட்டு ஆணையின் நகல். கடிதத்தின் இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், இதை மறக்காதீர்கள். அசல் சான்றிதழை வைத்துக்கொண்டு மாணவரைக் கட்டிப்போடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇயும் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. பணிவாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். அரசுக் கல்லூரி என்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது.

மாற்றுச் சான்றிதழைப் புதிதாக அந்தக் கல்லூரிதான் கொடுக்க வேண்டும், பள்ளியில் வாங்கியது செல்லாது. அப்புறம் கல்லூரி மாணவர் விவரங்களை அரசு பதிந்து வைக்கிற யூமிஸ் இணையதளத்தில் அவள் பெயரை அங்கிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள். என் மகள் பெயர் பழைய கல்லூரியிலேயே கிடந்ததால் புதுமைப் பெண் பணம் ஐந்து மாதம் வரவில்லை. எல்லாச் சான்றிதழ்களிலும் பத்து நகல் எடுத்துவிட்டுத்தான் அடுத்த இடத்தில் அசலைக் கொடுக்க வேண்டும். சாதிச் சான்று, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றிலும்.

ஒரகடம் அண்ணன்

வெள்ளிக்கிழமை அம்மாவும் அவளும் செங்கிப்பட்டி போனார்கள். கடிதம் கொடுத்தார்கள், துறைத் தலைவர் ஒரு நிமிடம் பேசினாராம், "நல்லா படிம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். சாயங்காலம் நாலு மணிக்குச் சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டன. எந்தப் படிப்பாக இருந்தாலும் பொறியியல் வேண்டாம் என்பது மட்டும் அவளாகவே சொன்னது.

இன்றைக்குச் சனிக்கிழமை மருந்தகத்துக்குப் போய்வந்தாள். அவளே எழுதுகிறாள், அப்படியே பதிகிறேன்.

"எல்லோருக்கும் வணக்கம். எட்டு மணிக்கே போய்விட்டோம். டாக்டர் சார் முதலில் நம்பவில்லை, பிறகு பதிவேட்டை என்னிடம் கொடுத்து, வருகிறவர்கள் பெயர், ஊர், என்ன நோய் என்று எழுதச் சொன்னார். பன்னிரண்டு மணி வரை 34 பேர் வந்தார்கள். மாடு 9, மற்றதெல்லாம் ஆடும் கோழியும். ஒரு மாட்டுக்குச் சினை பார்த்தார், தோள் வரை உறை போட்டுக்கொண்டு. மூன்று மாதம் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கருப்பையின் ஒரு பக்கம் பெரியதாக இருக்கும், விரலில் தெரியும் என்று சொன்னார். ஒரு பாட்டி ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிறு உப்பியிருந்தது. அரிசி மூட்டையை அவிழ்த்துத் தின்றுவிட்டதாம். சார் எவ்வளவோ பார்த்தார், பதினொன்றரைக்குச் செத்துவிட்டது. பாட்டி அழுதார்கள், எனக்கும் அழுகை வந்தது. பதிவேட்டில் அந்த வரியை நான்தான் எழுதினேன். நேற்று ராத்திரியே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன், இருக்கலாம் என்றார்.

அண்ணன் 2031 வரை கஷ்டப்படும் என்று பயந்துதான் நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். எனக்குக் கால்நடை மருத்துவம்தான் வேண்டும்."

இதைப் படித்துவிட்டு அறைக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அப்பாவுக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "அந்தக் கஜா மாட்டு டாக்டரு மாதிரி வரட்டும்டா" என்றார். அவருக்கு முதலிலிருந்தே அதுதான் மனதில் இருந்திருக்கிறது, படிப்பு விஷயத்தில் தனக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

வல்லநாட்டு வெளிமான்

மகிழ்ச்சி. கிள்ளிகுளம் இடத்தில் சேரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடாமல் முறையாகத் தெரிவித்துவிடுங்கள், காத்திருக்கும் இன்னொரு அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது போகும். ராமையன்பட்டியிலிருந்து எங்கள் கல்லூரி தூரமில்லை, தங்கைக்கு என்ன உதவி வேண்டுமானாலும் எழுதுங்கள்.

ஒரகடம் அண்ணன்

இன்றைக்கே தெரிவித்துவிடுகிறேன் அண்ணா.

நாளை இரவு நான் தாம்பரத்திலிருந்து நெல்லைக்கு ரயில் ஏறுகிறேன், முன்பதிவில்லாப் பெட்டிதான். அவர்கள் மூன்று பேரும் ஊரிலிருந்து பேருந்தில் வருகிறார்கள். அப்பாவும் வருகிறேன் என்கிறார். அக்கா, விடுதிக்கு என்னென்ன வாங்க வேண்டும்? கையில் 4,000 இருக்கிறது.

நாமக்கல் 2006

4,000 தாராளம், அதிலேயே மிச்சம் வரும். புத்தகம் எதுவும் இப்போது வாங்காதீர்கள், நூலகத்தில் இருக்கும், பழைய புத்தகங்கள் சீனியர் பெண்களிடம் கிடைக்கும். எலும்புகளும் அவர்களிடமே இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். வெள்ளைக் கோட் இரண்டு, பருத்தியில், முழுக்கை. அறுவைப் பயிற்சிப் பெட்டியைக் கல்லூரியில் என்ன மாதிரி கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்கலாம். வாளி, பூட்டு, கொசுவலை.

பண்ணைக்குப் போட ஒரு ஜோடி கம்பூட்ஸ் வேண்டும். அதை மட்டும் நீங்களாக வாங்கிப் போகாதீர்கள், நெல்லையில் அவளைக் கடைக்கு அழைத்துப்போய்க் காலில் போட்டு நடக்கவிட்டு வாங்குங்கள். பெரியதாக இருந்தால் சேற்றில் பூட்ஸ் நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும்.